லண்டன் மச்சான் ஃபராஜ் கட்சிக்காரர் ஆன கதை

வாவிக்கரை (கல்லடி), ஞாயிறு இரவு 8.42

ஞாயிற்றுக்கிழமை என்றால் லண்டனில் இருந்து மச்சான் எடுப்பார். மனைவியின் அண்ணன். மாமியின் பிரஷர், வளவு எல்லை, மகளின் ஏ.எல். என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் அரசியலுக்கு வருவார். போன கிழமை சொன்னார்: "இனி நாங்க ஃபராஜுட ஆக்கள். வள்ளத்தில வாறவன் எல்லாரையும் பிடிச்சுத் திருப்பி அனுப்பினாத்தான் இந்த நாடு உருப்படும்."

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. மச்சான் போனது 1999இல். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசில் மாமாவின் நாவற்குடா வளவு பாதி போனது. மொஸ்கோவில் ஒரு அறைக்குள் 11 பேர், நாலு மாதம். கடைசித் துண்டு லொறியில், தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால். இதையெல்லாம் கலியாண வீடுகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகிறவரும் அவர்தான். "மச்சான், நீங்களும் அப்படித்தானே போனீங்க" என்று மெல்ல இழுத்தேன். "அது சண்டைக் காலம். இவனுகள் சும்மா வாறானுகள்" என்று முடித்துவிட்டார்.

சரி, குடிவரவை எதிர்க்கிற அந்த நைஜல் ஃபராஜின் கட்சி என்ன கட்சி என்று இரண்டு மூன்று நாள் இருந்து வாசித்தேன். 2019இல் பிரெக்ஸிட் கட்சியாகத் தேர்தலுக்கு வந்து, 2021இல் ரிஃபோர்ம் யூகே என்று பெயரை மாற்றியிருக்கிறது. 2024 ஜூலைப் பொதுத் தேர்தலில் 14.3 சதவீத வாக்கு, ஆனால் 5 ஆசனம்தான். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 677 உறுப்பினர்கள், 10 சபைகளின் ஆட்சி. அதே நாள் நடந்த ரன்கோர்ன் இடைத்தேர்தலை 6 வாக்கால் எடுத்தார்கள். ஆறு! எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் கலியாணத்துக்குப் போய்விட்டால் அவ்வளவு குறையும்.

பிரித்தானியாவில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. இத்தாலியில் வலதுசாரி மெலோனியின் கட்சி 2018இல் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, 2022இல் 26. ஜேர்மனியில் ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சி 2025 பெப்ரவரியில் 20.8 சதவீதத்துடன் இரண்டாம் இடம். எனக்கு விளங்காதது இதுதான். எங்களைப் போல அகதியாய்ப் போனவர்களுக்கு அந்த மேடையில் அப்படி என்ன ருசி? இந்த வியாதி அங்கே போய்த் தொற்றியதா, இங்கிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போனதா?

ஆரையம்பதி சூரிச், திங்கள் காலை 6.15

வாவிக்கரை அண்ணன், மச்சானைப் பகிடி பண்ணுவது லேசு. நான் 1991இல் சுவிஸுக்கு வந்தவன். ரெஸ்டோரண்ட் குசினியில் சட்டி கழுவத் தொடங்கி 14 வருடம் அதே குசினி. விசா அட்டையின் எழுத்து மாற மாறத்தான் மனிதனாய்ப் பார்த்தார்கள். வரிசையில் நின்று வந்தவனுக்குத்தான் வரிசையைக் குழப்புகிறவன் மேல் கோபம் வரும். இங்கே குடிவரவை எதிர்க்கிற எஸ்விபி கட்சிக்கு 2023இல் ஏறத்தாழ 28 சதவீதம் விழுந்தது. அதில் எங்கள் ஆட்களின் வாக்கும் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏசுகிறவர்கள் ஏசுங்கள். பாஸ்போர்ட் கிடைத்த பிறகு நான் போட்ட முதல் வாக்குகளில் ஒன்று 2009 நவம்பரில். இனி மினாரா கட்டக்கூடாது என்ற தீர்மானம். 57.5 சதவீதத்தால் நிறைவேறியது. நான் 'ஆம்' என்று போட்டேன். அப்போது முழு நாட்டிலும் நாலு மினாராதான் இருந்தது, அது எனக்கும் தெரியும். ஆனால் தபாலில் வந்த வாக்குச்சீட்டை மேசையில் வைத்தபோது எனக்கு சுவிஸ் ஞாபகம் வரவில்லை. காத்தான்குடி எல்லையில் இருந்த எங்கள் வீடும் 1990இன் தமிழ்-முஸ்லிம் வன்முறையும்தான் ஞாபகம் வந்தது.

மருதமுனை நெசவு, திங்கள் காலை 9.30

ஆரையம்பதித் தம்பி, ஏசவில்லை. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. 1990 எங்களுக்கும் இருக்கிறது, காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் அந்தத் துப்பாக்கிச் சூட்டுத் துளைகள் இன்றும் இருக்கின்றன. வீரமுனையில் உங்கள் ஆட்களுக்கு நடந்த படுகொலையும் அதே ஆகஸ்ட் மாதம்தான். அந்தக் கணக்கை இங்கே தீர்க்க முடியாது.

ஒரு கேள்வி மட்டும். சூரிச்சில் எங்கேயோ ஒரு துருக்கிக்காரன் கட்ட நினைத்த மினாராவை நிறுத்தியதில் ஆரையம்பதி எல்லைக்கல் எத்தனை அடி நகர்ந்தது?

செங்கலடிப் பிள்ளை, திங்கள் பகல் 12.05

மருதமுனைக் காக்கா கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன் சூரிச் அண்ணன். நீங்கள் போவதற்கு முன்னமே, 1980களில், சுவிஸ் பேப்பர்களில் தமிழர்களைத் 'தோல் ஜாக்கெட் போட்டவர்கள், ஹெரோயின் விற்கிறவர்கள்' என்று எழுதியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பெரியப்பா அந்தக் காலத்து ஆள். குளிருக்கு யாரோ கொடுத்த பழைய ஜாக்கெட்டைப் போட்டதற்காகப் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் ஒருவரும் இருக்கமாட்டார்களாம். 2007இல் எஸ்விபி ஒட்டிய சுவரொட்டியை நான் கூகிளில்தான் பார்த்தேன். வெள்ளை ஆடு மூன்று, அதில் ஒன்று கறுப்பாட்டைக் கொடியை விட்டு உதைத்துத் தள்ளுகிறது. அந்தப் படத்தில் உங்கள் மகன் எந்த ஆடு?

லண்டன் விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தியின் மகள் 2022இல் முதியோர் பராமரிப்பு விசாவில் போனாள். அவளைப் போல இங்கிருந்து நிறையப் பேர் போனார்கள். ஐந்து வருடம் முடித்தால் நிரந்தர வதிவிடம் என்பதுதான் கணக்கு, அதற்காகத்தான் கடன்பட்டது. 2025 மேயில் தொழில்கட்சி அரசாங்கமே அதைப் பத்து வருடமாக்கப் போகிறோம் என்றது. ஜூலையில் வெளிநாட்டில் இருந்து புதிதாய்ப் பராமரிப்பாளர் எடுப்பதையே நிறுத்தியது. செப்டெம்பரில் ஃபராஜ் ஒருபடி மேலே போனார். நிரந்தர வதிவிடம் என்ற ஒன்றையே ஒழிப்போம், ஏற்கெனவே வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் என்றார். வாவிக்கரை அண்ணனின் மச்சான் வள்ளத்தை நினைத்துப் போடுகிற வாக்கு, பிளேனில் விசாவோடு போன பிள்ளையின் தலையில் விழும்.

ஃபராஜ் ஆட்சிக்கு வராமலே தொழில்கட்சி அவருடைய பாட்டை அரைச் சுருதியில் பாடத் தொடங்கிவிட்டது. அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

அக்கரைப்பற்று மாஸ்டர், திங்கள் மாலை 4.50

பிள்ளை சொன்ன கடைசி விஷயத்தில்தான் சரக்கு இருக்கிறது. இந்தக் கட்சிகளை ஆசனத்தால் மட்டும் அளக்கக்கூடாது. மற்றக் கட்சிகளை எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஆசனக் கணக்கையும் சும்மா விட மனமில்லை, 28 வருடம் குடியியல் படிப்பித்தவன். ரிஃபோர்முக்கு 14.3 சதவீதத்துக்கு 5 ஆசனம் என்றால், அதே தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி 12.2 சதவீதத்துக்கு 72 எடுத்தது. தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் வாக்குப் பரந்து கிடந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டினால் மடை உடைத்த மாதிரி எல்லாம் அந்தப் பக்கம் பாயும். 2025 மேயில் உள்ளூராட்சியில் நடந்தது அதுதான். ஜேர்மனியில் வேறு கதை. அங்கே விகிதாசாரம், 5 சதவீத வெட்டுப்புள்ளி. ஏஎஃப்டி 2013இல் 4.7 எடுத்து வெளியே நின்றது. அப்போது அது யூரோ நாணயம் வேண்டாம் என்ற பொருளாதாரப் பேராசிரியர்களின் கட்சி! யூரோவைப் பற்றி எவ்வளவு பேசியும் சனம் கொட்டாவி விட்டது. அகதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் 2017இல் 12.6. ஆரம்பித்த பேராசிரியரே அதற்கு முன் கட்சியை விட்டுப் போய்விட்டார்.

எங்களுக்கும் அதே 5 சதவீதம்தான், மாவட்டத்துக்கு. முதலில் 12.5 ஆக இருந்ததை 1988இல் பிரேமதாசவிடம் கேட்டுக் குறைப்பித்தவர் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப். சிறுபான்மைக் கட்சிகள் பிழைக்கட்டும் என்று திறந்த கதவு அது. அதே கதவால் 2004இல் பிக்குகளின் கட்சியான ஹெல உறுமயவின் 9 பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள், காவியுடன். கதவின் குற்றமில்லை. ஆனால் 'புதிய வலதுசாரிக் கட்சிகளின் எழுச்சி' என்று ஐரோப்பாக்காரன் இப்போது கட்டுரை எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பாடத்தில் நாங்கள் பழைய மாணவர்கள்.

காரைதீவான், திங்கள் இரவு 10.20

காவி என்று சொன்னபடியால் எழுதுகிறேன். இதை ஊரில் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், இங்கே பெயர் இல்லாதபடியால் சொல்லலாம்.

2019 ஜூன், கல்முனை. தமிழர் பகுதிக்கான வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழர்களின் உண்ணாவிரதம். முப்பது வருடத்துக்கும் மேலாக உப செயலகமாகவே கிடக்கிற அலுவலகம் அது. ஒரு பிக்கு, ஒரு இந்துக் குருக்கள், மாநகரசபை ஆட்கள் என்று பந்தலுக்குள் படுத்திருந்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னேரங்களில் போய் இருப்பேன். ஈஸ்டர் குண்டு வெடித்து இரண்டு மாதம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர் போன பிள்ளைகளின் படங்கள் இன்னும் வட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தன. சாய்ந்தமருதில் குண்டு வெடித்த சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலில் கேட்டது. அந்த மனநிலையோடுதான் இருந்தோம்.

அப்போது பொது பல சேனாவின் ஞானசார தேரர் வந்தார். சிறையில் இருந்து ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்து ஒரு மாதம்தான். 2014இல் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது இதே மனிதரை நான் கடை வாசலில் நின்று ஏசியவன். அன்று வழிவிட்டு எழும்பி நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான ஒரு அம்மா, "ஆராவது ஒருத்தர் எங்களுக்காகக் கதைக்க வந்திருக்காரே" என்று கும்பிட்டார். அவருக்குக் காணி உறுதிப் பிரச்சினை, இருபது வருடமாய் அலைகிறார். என் கையும் தட்டத்தான் செய்தது.

மறுகா 2020 ஓகஸ்ட் தேர்தல். அம்பாறையில் முன்னாள் புலித் தளபதி கருணா அம்மான், கப்பல் சின்னம். வாவிக்கரை அண்ணனின் மச்சானுக்கு வள்ளம், எங்களுக்குக் கப்பல்! 'இனியும் விட்டால் அம்பாறைத் தமிழனுக்கு நிலமே இல்லை' என்பதுதான் பிரசாரம் முழுக்க. வீதி, தண்ணீர், மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் பேச்சில் இல்லை. நான் கப்பலுக்குப் போட்டேன். கப்பலுக்கு 29,000க்கு மேல் விழுந்தது. கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு 25,000 அளவில். இரண்டையும் கூட்டினால் 54,000க்கு மேல். அதைவிடக் குறைவாய் எடுத்த இரண்டு கட்சிகள் ஆளுக்கொரு ஆசனம் எடுத்தன. அம்பாறையின், அதாவது திகாமடுல்லைத் தேர்தல் மாவட்டத்தின், ஏழு ஆசனத்தில் தமிழன் ஒருவனும் இல்லை. பிறகு கூட்டமைப்பு தேசியப் பட்டியலில் ஒன்றைத் தந்துதான் மானம் காத்தது.

காப்பாற்றப் போட்ட வாக்கில்தான் இருந்ததும் போனது. செயலகம் இன்றுவரை அப்படியே.

மட்டறுத்துனர், செவ்வாய் காலை 7.00

இரவு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊர்ப்பெயர் சொல்லி ஏசுவதற்கு இது இடமில்லை. காரைதீவானுக்கு 'துரோகி' பட்டம் கொடுத்தவருக்கு ஒரு கிழமை ஓய்வு. தலைப்பில் நிற்கவும்.

மருதமுனை நெசவு, செவ்வாய் காலை 10.45

காரைதீவான், பக்கத்து ஊர்க்காரன் நான். அந்த உண்ணாவிரதத்துக்கு எதிராக எங்கள் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டார்களே, அதில் நான் இருந்தேன். நடுவில் நூறு யார் இருக்குமா? உங்கள் பந்தலில் காணி உறுதிக்காக வந்த அம்மா இருந்தார் என்கிறீர்கள். எங்கள் பந்தலில் என் மாமா இருந்தார், அவருக்கும் காணி உறுதிதான்.

கொத்து ரொட்டிக் கதையை இளம் ஆட்கள் மறந்திருப்பீர்கள். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம். நான் அந்த நகரத்துக் கடைகளுக்குச் சாரம், படுக்கை விரிப்பு போடுகிறவன், மாதம் இரண்டு தரம் போவேன். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் ஏதோ கட்டி இருந்ததாம். 'வந்த பெத்தி', மலட்டு மாத்திரை என்று சத்தம். கல்லாவில் நின்ற பொடியனுக்குச் சிங்களம் அரைகுறை. சுற்றி நின்று அதட்டினால் என்ன சொல்வான்? ஓம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை ஒருவன் போனில் எடுத்தான். விடிவதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் உடைந்து கிடந்தன. அடுத்த கிழமை திகனவிலும் அப்படியே. அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு முகநூலையும் வட்ஸ்அப்பையும் மறித்தது. பிறகு அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது: மாவுக் கட்டி. 2020 மேயில் முகநூல் கம்பனி மன்னிப்புக் கேட்டது.

எனக்குச் சாமான் எடுக்கிற சிங்களக் கடைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், மூன்றாம் நாள் போன் பண்ணினார். "சேதம் இல்லையே?" என்று விசாரித்தார். ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு, வைக்கப் போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அப்படி ஒரு மாத்திரை உண்மையிலேயே இல்லையா?"

பதினைந்து வருடம் என் விரிப்பில் படுத்தவர்.

2024 ஜூலையில் இங்கிலாந்தில் சவுத்போர்ட் நடந்தபோது எனக்கு அந்த போன்தான் காதில் கேட்டது. மூன்று சிறுமிகளைக் கத்தியால் குத்திக் கொன்றவன் வள்ளத்தில் வந்த முஸ்லிம் அகதி என்று இல்லாத பெயர் ஒன்றைக் கட்டி விட்டார்கள். அவன் கார்டிஃபில் பிறந்தவன். அடுத்த நாளே பள்ளிவாசலுக்குக் கல். ஃபராஜ் அகதி என்று சொல்லவில்லை. 'உண்மையை எங்களிடம் மறைக்கிறார்களா?' என்று கேட்டு வீடியோ போட்டார், அவ்வளவுதான். என் கடைக்காரரும் கேள்விதான் கேட்டார். ஆனால் அவர் பயந்து கேட்டார்.

ஜனாஸா எரிப்பையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனா உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 20 நாள் பிள்ளையைக்கூட எரித்தார்கள். அந்த டிசம்பரில் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வெள்ளைத் துண்டு கேட்டு வந்தன, எதிர்ப்பாய் வேலியில் கட்ட. ஒரு சுருள் முழுவதையும் கீலம் கீலமாய்க் கிழித்துக் கொடுத்தேன். தறியில் இருந்து இறக்கிய புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம் எங்களுக்கு மரண வீட்டுச் சத்தம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் ஒரு இடம் தந்தார்கள். நாடு முழுவதிலும் இருந்து அங்கேதான், 3,000 பேருக்கு மேல் படுத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

எங்கள் வீட்டுக் குப்பையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 'சுத்தமான மார்க்கம்' என்று சொல்லி 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூஃபிகள் மீது வாள் வீசியவர்கள்தான் இரண்டு வருடத்தில் ஈஸ்டர் குண்டில் போய் முடிந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது நாங்கள் 'உள்வீட்டுப் பிரச்சினை' என்று பொத்தி வைத்தோம்.

உண்மை விளம்பி, செவ்வாய் பகல் 1.15

எல்லோரும் ஒரே பக்கம் பாடுகிறீர்கள். மற்றப் பக்கத்தை யார் சொல்வது? சனம் ஏன் இந்தக் கட்சிகளுக்குப் போகிறது? பழைய கட்சிகள் காது கொடுத்துக் கேட்கவில்லை. எல்லைப் பிரச்சினை என்றால் இனவாதி. மதமாற்றம் என்றால் இனவாதி. வாகரை, கிரான் பக்கம் போய்ப் பாருங்கள், ஓலைக்கொட்டிலுக்கு ஒரு கிறிஸ்தவ சபை. கோயிலுக்கு விளக்கேற்ற ஆளில்லை. இதை இந்து அமைப்பான சிவசேனைக்காரர் பேசினால் மட்டும் உங்களுக்குக் கலாசாரப் போர். என்ஜிஓக்காரர் வெள்ளைக்காரன் காசில் ஆண் பெண் இல்லை என்று படிப்பித்தால் அது முன்னேற்றம். ட்ரம்ப் அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்டை நிறுத்தியதில் எனக்குச் சந்தோஷம்தான். இலங்கைப் பத்திரிகைக்காரருக்கு ஆண்பால் பெண்பால் இல்லாத மொழி படிப்பிக்க 79 லட்சம் டொலர் கொடுத்ததாய் அமெரிக்கப் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். நாமல் ராஜபக்ச விசாரணை கேட்டதில் என்ன பிழை?

செங்கலடிப் பிள்ளை, செவ்வாய் இரவு 9.10

விளம்பி அண்ணன், உங்கள் முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கேட்கிற கோபம் எல்லாம் இனவாதம் இல்லை. வாகரையில் கொட்டில் சபை இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே போகிறவர்களோடு நான் மூன்று வருடம் வேலை செய்தேன். நுண்கடன்காரன் கிழமைக்கு ஒரு தரம் வந்து முற்றத்தில் குந்திவிடுவான், காசு கொடுக்கும் மட்டும் எழும்ப மாட்டான். அந்த நேரம் சபைப் பெண்கள் நாலு பேர் வந்து அவளோடு சேர்ந்து முற்றத்தில் இருந்தார்கள். கோயில் பரிபாலன சபையில் இருந்து ஒருவரும் வரவில்லை. அவள் வேதத்துக்குப் போனது அதற்காகத்தான் என்று அவளே சொன்னாள். நீங்கள் கலாசாரம் காக்க விரும்பினால் அந்த முற்றத்துக்குப் போயிருக்கலாம்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம், யார் காசு என்பதும் வேண்டாம். அந்த வேலை 2025 தொடக்கத்தில் நின்றது. தலைப்பில் 'பால்நிலை' என்று ஒரு சொல் இருந்தது. உள்ளே இருந்தது கடன் புத்தகம் பார்த்து வட்டி கணக்குப் போடுவதும், கச்சேரிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அந்த 79 லட்சம் டொலர் கதைக்கு ஒரு சிரிப்பு. அமெரிக்காக்காரருக்கு 'ஹீ'யும் 'ஷீ'யும் உலக யுத்தம். நாங்கள் 'அவர் வந்தார்' என்று சொல்லி இரண்டாயிரம் வருடமாய் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கலாசாரப் போர் எது தெரியுமா? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பாற்பண்ணையாளர் வீதியில் இருந்தார்களே, அவர்கள் கேட்டது புல். மற்றப் பக்கத்தில் வந்த சிங்கள விவசாயிகள் கேட்டது சோளம் போட நிலம். இது இரண்டும் வயிற்றுப் பிரச்சினை, மகாவலிக்காரரும் கச்சேரியும் கமக்காரரும் ஒரு மேசையில் இருந்தால் எல்லை போடலாம். ஒரு நாள் அங்கே புத்தர் சிலை வந்தது. அதற்குப் பிறகு மாட்டைப் பற்றிக் கதைக்க முடியவில்லை. மாடு புராதன பூமியை மிதிக்கிறதாம். 2020 ஜூனில் கிழக்குத் தொல்லியலுக்கு என்று செயலணி போட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அப்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று மாஸ்டர், புதன் காலை 8.30

பிள்ளை, அந்த 'அவர் வந்தார்' வசனத்தை அடுத்த வகுப்பில் களவெடுப்பேன். தொல்காப்பியர் கோபிக்க மாட்டார்.

யாரும் 2024ஐத் தொடவில்லை. பழைய பாட்டைப் பாடியவர்களுக்கு அந்த வருடம் நல்ல அடி. ஜனாதிபதித் தேர்தலில் நாமலுக்கு 2.57 சதவீதம், சிங்கள தேசியவாதிகள் வீரவன்சவும் கம்மன்பிலவும் பின்னால் நின்ற தொழிலதிபர் திலித் ஜயவீரவுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2019இல் கோட்டாபயவுக்கு 52.25 போட்ட அதே நாடு. இடையில் என்ன நடந்தது? 2022இன் காஸ் வரிசை, பெற்றோல் வரிசை. வரிசையில் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்பவனின் மதம் தெரியாது, அவன் கையில் உள்ள சிலிண்டர்தான் தெரியும்.

நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம். மட்டக்களப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மூன்று கொடுத்தது. அம்பாறையில் அவர்களுக்கு நாலு, மற்ற மூன்றும் வீடு, மரம், மயில் சின்னங்களுக்கு. காரைதீவான், இந்தமுறை உங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒன்று வந்ததே, கவனித்தீர்களா?

ஆனால் ஆறுதலுக்கு ஓடாதீர்கள். ஏஎஃப்டி 2021இல் 10.3க்கு இறங்கியது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். நாலு வருடத்தில் இரட்டித்தது.

காரைதீவான், புதன் பகல் 12.40

கவனித்தேன் மாஸ்டர். அதற்குப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியையும் எழுதுங்கள். 2021 பெப்ரவரி 3. மழை, பொலிஸ் மறிப்பு. கோரிக்கையில் காணியும் இருந்தது, மேய்ச்சல் தரையும் இருந்தது, ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் இருந்தது. வழியில் முஸ்லிம் ஊர்ச் சனம் தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்தார்கள். ஞானசார தேரருக்குக் கைதட்டிய அதே கையால்தான் அந்தப் போத்தலை வாங்கினேன்.

மருதமுனை நெசவு, புதன் பகல் 12.58

போத்தல் தந்தவர்களில் நானும் இருந்திருக்கலாம். மூடியைத் திறந்து தந்திருந்தால் நான்தான்.

ஆரையம்பதி சூரிச், புதன் இரவு 11.30

வேலை முடிந்து வந்துதான் எல்லாவற்றையும் வாசித்தேன். காக்காவின் எல்லைக்கல் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. வாக்கை மாற்றுவேன் என்றும் சொல்ல மாட்டேன், எனக்குக் கட்சி வேறு விஷயங்களுக்கும் பிடிக்கும், வரி ஒன்று.

பிள்ளை, என் மகன் எந்த ஆடு என்று கேட்டீர்களே. அவனுக்கு 24 வயது. சனத்தொகை ஒரு கோடியைத் தாண்டக்கூடாது என்று எஸ்விபி கையெழுத்துச் சேர்த்து 2024இல் கொடுத்தது. சேர்க்கிறவர்கள் எங்கள் ஸ்டேஷன் வாசலில் மேசை போட்டிருந்தார்கள். நான் குனிந்து கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன், இவன் பின்னால் வந்தான். மேசையில் இருந்த மனிதர் என்னிடம் சிரித்துவிட்டு, அவனைப் பார்த்ததும் சுவிஸ் ஜேர்மனை விட்டுப் புத்தக ஜேர்மனுக்கு மாறி மெதுவாய்க் கேட்டார், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று. மகன் இங்கே பிறந்தவன். என்னைவிட நிறம் கொஞ்சம் கூட, தாடி வேறு.

வீட்டுக்கு வரும்வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

வாவிக்கரை, ஞாயிறு இரவு 9.05

ஒரு கிழமை போய்விட்டது. இன்றும் மச்சான் எடுத்தார். இந்த இழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் சண்டை. மாமியின் பிரஷர், வளவு எல்லை எல்லாம் முடிந்தது. நான்தான் கேட்டேன், "மச்சான், உங்கட தங்கச்சிர மகள், பராமரிப்பு வேலைக்குப் போனவள், அவளுக்கு விசா முடியிறது எப்ப?" என்று. மனைவியின் கடைசித் தங்கை மகளைத்தான் சொல்கிறேன். போவதற்கு அவர்தான் ஏழு லட்சம் கடன் கொடுத்தவர்.

"2028இல அவளுக்கு நிரந்தரம் கிடைக்கும்" என்றார். "ஃபராஜ் வந்தா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பின்னால் டீவி ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதையும் யாரோ குறைத்தார்கள். "அது எங்கட பிள்ளையளுக்கு வராது. அவள் வேலை செய்யிறவள் தானே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் அவரே, "அங்க மழையா? சத்தம் கேக்குது" என்று கேட்டார்.

மழைதான். வாவி வீதி மட்டும் வந்துவிட்டது.